கொடைக்குக் காவல் கணக்கு

அறம் செய்வோர்க்குக் கணக்கு எதற்கு என வினவுவோர் உளர். அறக்கட்டளைக்கு ஒருவர் ஈந்த பொருள் அறங்காவலரின் உடைமை அன்று. அஃது அடைக்கலப் பொருள். அதற்குக் கணக்கே காவல்.

1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம், 80ஜி பிரிவில், ரூ.2000க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வரிச்சலுகை தரவில்லை. இப்பிரிவில் ஒப்புதல் பெற்ற அறக்கட்டளை, ஓராண்டில் பெற்ற நன்கொடைகளின் விவரத்தை, நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் 10பி.டி. படிவத்தில் அளித்தல் வேண்டியிருந்தது. தாழ்த்தினால் நாளொன்றுக்கு ரூ.200 கட்டணம் இருந்தது. அளிக்காது விட்டாலோ, ஈந்தவர் தமக்குரிய சலுகையை இழந்தார். பிழை ஓரிடம், இழப்பு வேறிடம்.

ஆதலின் ரசீதை அன்றே எழுதுக. அதில் ஈந்தவரின் பெயர், முகவரி, நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றைப் பிழையறக் குறிக்க. திங்கள்தோறும் ரசீதுகளை வங்கிக் கணக்கோடு ஒப்பிடுக. ஆண்டிறுதியில் மட்டும் தணிக்கையாளரை நாடும் வழக்கம் ஒழிக. கணக்கு தெளிவாயின், ஈந்த கை மீண்டும் ஈயும்.