18 வயது நிறையும் முன்பே தொடங்குவோம்

(மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் ஒன்றில் சிறப்பாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்றாட வேலையை விட்டுட்டு, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறி வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

இங்க இருக்கிற பிள்ளைகள்ல நிறைய பேருக்கு இப்போ 14, 15, 16 வயசு. இதுவரைக்கும் கிடைச்ச பல உதவிகள் "குழந்தை" என்கிற கணக்கில் கிடைத்தவை. அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் 18 வயது வரைக்கும்தான். பள்ளிக் கல்வி வழியாக ஒன்றிய வள மையத்தில் கிடைக்கிற பயிற்சி, வீட்டுக்கே வந்து சொல்லித்தர்ற ஆசிரியர், எல்லாமே பள்ளிப் பருவத்தோட முடிஞ்சிடும். 18 முடிஞ்ச அன்னைக்கு சட்டத்தின் பார்வையில் உங்க பிள்ளை ஒரு மேஜர். ஆனா வீட்டில் அன்னைக்கும் நீங்கதான் சாப்பாடு ஊட்டணும், குளிக்க வைக்கணும். இந்த மாற்றத்துக்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல அடையாள அட்டை. யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையை எல்லோரும் கையில் எடுங்க. அதில் செல்லுபடியாகும் தேதி ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க. சின்ன வயசுல கொடுத்த சான்றிதழ் பல பேருக்குத் தற்காலிகமானதாக இருக்கும். தேதி முடிஞ்ச பிறகு ஓடுவதைவிட, சில மாதங்களுக்கு முன்பே ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். அட்டையின் நிறத்துக்கும் அர்த்தம் இருக்கு. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம். பெரும்பாலான சலுகைகள் 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

அடுத்தது ஆதார். 15 வயசில் கைரேகையும் கண் பதிவும் கட்டாயம் புதுப்பிக்கணும். 15 முதல் 17 வயதுக்குள் போனால் கட்டணம் இல்லை. இதை விட்டுட்டா பிறகு வங்கியிலும் உதவித்தொகையிலும் கைரேகை பொருந்தலைன்னு திருப்பி அனுப்புவாங்க. கை விரல் மடங்கியிருக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு அலைச்சல்னு உங்களுக்கே தெரியும். யுடிஐடி, ஆதார் இரண்டையும் டிஜிலாக்கரில் சேர்த்து வையுங்க. மருத்துவச் சான்றிதழை போட்டோ எடுத்து, அம்மா, அப்பா இரண்டு பேர் போனிலும் வையுங்க. ஒருத்தர் போன் தொலைஞ்சாலும் இன்னொண்ணில் இருக்கும்.

இப்போ பணம். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு 40 சதவீதமும், கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 75 சதவீதமும் இருக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க. ஏற்கனவே வாங்குறவங்க ஒரு விஷயம் கவனிங்க: பிள்ளை பேரில் இருக்கும் வங்கிக் கணக்கு மைனர் கணக்கு. 18 ஆனதும் அதை மேஜர் கணக்காக மாற்றணும். அதுவரைக்கும் கையெழுத்துப் போட்ட உங்க கையெழுத்து அதுக்கப்புறம் தானாகச் செல்லாது.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்கில் ஏதாவது ஒன்று உள்ளவர்களுக்கு நிராமயா என்று ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. அறுவை சிகிச்சைக்கு மட்டும் இல்லை, தெரபிக்கும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும். போன் காலண்டரில் தேதியைப் போட்டு வையுங்க.

அரசு வேலையில் இருக்கிறவங்க, ஓய்வூதியம் வாங்குறவங்க யாராவது இருக்கீங்களா? சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, உங்களுக்குப் பிறகு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் பெற விதி இருக்கு. நீங்க இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் சான்றிதழையும் அலுவலகத்தில் பதிவு செய்து வையுங்க. நீங்க இல்லாத காலத்தில் அந்தப் பிள்ளையால் போய் நிரூபிக்க முடியாது.

இப்போ எல்லா அம்மாவும் ராத்திரியில் யோசிக்கிற கேள்விக்கு வருவோம். "எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாப்பா?"

18க்கு மேல் பெற்றோர் தானாகவே பாதுகாவலர் என்று சட்டம் சொல்லவில்லை. நான் சொன்ன அந்த நான்கு வகைப் பிள்ளைகளுக்கு, 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கு. பெற்றோர் விண்ணப்பிக்கலாம், உறவினரும் விண்ணப்பிக்கலாம். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து விவரத்தைக் கொடுக்கணும். பிறகு ஆண்டுதோறும் கணக்குக் காட்டணும். பிள்ளையின் சொத்தை யாரும் சுருட்டிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. அந்தச் சான்றிதழைக் காட்டினால் வங்கியிலும் வேலை நடக்கும்.

ஆனா ஒண்ணு சொல்றேன். எல்லாப் பிள்ளைக்கும் பாதுகாவலர் தேவையில்லை. காது கேட்காத பெண்ணோ, சக்கர நாற்காலியில் இருக்கும் பையனோ தன் கணக்கைத் தானே நடத்த முடியும். அவங்களுக்கு ஏடிஎம் அட்டையும் பழக்கமும் கொடுங்க. முடிவெடுப்பதில் கொஞ்சம் துணை மட்டும் வேண்டியவர்களுக்கு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை இருக்கு. அதில் பிள்ளையைக் கேட்டு, சேர்ந்துதான் முடிவெடுக்கணும். பொறுப்பை அண்ணன், தங்கச்சி தலையில் சொல்லாமல் வைக்காதீங்க. அவங்களிடமும் இப்போதே உட்கார்ந்து பேசுங்க. முடியாதுன்னு சொன்னாலும் கோபப்படாதீங்க. வேறு ஏற்பாட்டை யோசிக்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.

பள்ளி முடிஞ்சதும் பிள்ளை வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடக் கூடாது. உயர்கல்வியில் 5 சதவீத இடமும், வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் சட்டத்தில் இருக்கு. அரசு வேலையில் 4 சதவீதம். படிப்பு வராத பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி கேளுங்க. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கும் நிப்மெட் தேசிய நிறுவனத்தில் பெரியவர்களுக்கும் சேவை உண்டு. மாநில அரசின் உரிமைகள் திட்டத்தில் "விழுதுகள்" சேவை மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில். உங்க பகுதியில் எங்கே என்று மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை என்பதால், போய் வருவது பாரமாக இருக்காது.

வாக்காளர் பட்டியலிலும் பேர் சேருங்க. 17 வயசிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். "இவனுக்கு எதுக்கு ஓட்டு?"ன்னு சொந்தக்காரங்க கேட்டா, அவனும் இந்த நாட்டுக் குடிமகன்னு சொல்லுங்க.

கடைசியா அம்மாக்களுக்கு. பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி, தூக்கமில்லாத ராத்திரி, யாரிடமும் சொல்ல முடியாத கோபம். இதெல்லாம் உங்க தப்பு இல்லை. மனசு தாங்கலைன்னா 14416 எண்ணுக்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே. நீங்க நல்லா இருந்தாத்தான் பிள்ளை நல்லா இருக்கும். வாரத்தில் ஒரு மாலையாவது அப்பாவோ பாட்டியோ பார்த்துக்கட்டும்.

எல்லாத்தையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் யுடிஐடி அட்டையின் தேதியைப் பாருங்க. இந்த மாதம் ஆதார், வங்கிக் கணக்கு. 17 வயசு நிறையும்போது பாதுகாவலர் வேண்டுமா என்ற பேச்சை வீட்டில் முடித்துவிடுங்க. சந்தேகம் இருந்தா கூட்டம் முடிஞ்சதும் கேளுங்க, பேசுவோம்.