எள்ளலும் பெருமிதமும்: ‘சிமர்ரான்’ நாவலும் படமும்



ஓர் எழுத்தாளர் எள்ளி நகையாடி எழுதியதை உலகம் பெருமிதமாகப் படித்துக் கொண்டாடினால் அந்த எழுத்தின் கதி என்ன? எட்னா ஃபெர்பர் என்னும் அமெரிக்க நாவலாசிரியைக்கு இது நேர்ந்தது. 1930இல் வெளிவந்த அவருடைய ‘சிமர்ரான்’ நாவல் பெருவெற்றி பெற்றது. அதன் படவுரிமையை ஆர்.கே.ஓ. நிறுவனம் ஒன்றேகால் இலட்சம் டாலருக்கு வாங்கியது. வெஸ்லி ரகிள்ஸ் இயக்கிய அந்தப் பேசும்படம் 1931 ஜனவரியில் நியூயார்க்கில் திரையேறியது. தாம் எழுதியது அமெரிக்கப் பெண்மையையும் அதன் மிகையுணர்ச்சியையும் கேலி செய்யும் நூல் என்றும், வாசகர் அதைக் காதற்காவியமாகக் கொண்டுவிட்டனர் என்றும் 1939இல் வந்த தன்வரலாற்றில் ஃபெர்பர் மனங்கசந்து குறிப்பிட்டார்.

கதையின் களம் ஓக்லஹோமா. 1830களில் செரோக்கி, கிரீக், சாக்டா, சிக்கசா, செமினோல் மக்கள் தம் சொந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு, இனி இதுவே உங்கள் நிலம் என்ற வாக்குறுதியோடு குடியேற்றப்பட்ட பகுதி அது. அந்த வாக்குறுதி அறுபதாண்டுகூட நிற்கவில்லை. அதில் ஏறத்தாழ 20 இலட்சம் ஏக்கரை 1889 ஏப்ரல் 22 நண்பகலில் அரசு வெள்ளையருக்குத் திறந்துவிட்டது. முதலில் ஓடிச்சென்று முளையடித்தவனுக்கு நிலம். எல்லைக்கோட்டில் காத்திருந்தோர் ஏறத்தாழ 50,000 பேர் என்பர்.

படத்தின் தொடக்கத்தில் வரும் இந்த ஓட்டமே இன்றளவும் அதன் புகழுக்குக் காரணம். 28 படக்கருவிகள், ஏறத்தாழ 5,000 துணைநடிகர்கள். குதிரைகள், கூண்டு வண்டிகள், மிதிவண்டியில் ஒருவன், ஒருபுறம் சாய்ந்து உருளும் சக்கரம், எல்லாவற்றையும் விழுங்கும் புழுதி. ஒலிவாங்கியைக் கண்டு அஞ்சி, நடிகர்களை அறைக்குள் நிற்கவைத்துப் பேசவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. படக்கருவியைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து குளம்பொலியோடு ஓடவிட்டது துணிவான செயலே. ஒளிப்பதிவாளர் எட்வர்ட் குரோன்ஜேகரின் பெயரை இவ்விடத்தில் சொல்லாமல் போவது அறமன்று. (பேச்சு தொடங்கியதும் படம் மீண்டும் நாடகமேடையாகிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இந்த ஓட்டத்தில்தான் கதைத்தலைவன் யான்சி கிராவட் அறிமுகமாகிறான். தான் விரும்பிய நிலத்தை டிக்சி லீ என்ற பெண்ணின் தந்திரத்தால் இழக்கிறான். பின்னர் மனைவி சாப்ராவையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஓசேஜ் என்னும் புத்தம்புது ஊருக்கு வந்து இதழ் நடத்துகிறான். மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் பெருமிதத்திற்கு வகுத்த நிலைக்களன்கள் நான்கும் இவனிடம் ஒருங்கே உண்டு. கல்வி: வழக்கறிஞன், இதழாசிரியன், மேற்கோளின்றி வாய்திறவாதவன். தறுகண்: சூதாட்டக் கொட்டகையில் வழிபாடு நடத்திக்கொண்டே, இதழாசிரியர் ஒருவரைக் கொன்றவனை அங்கேயே சுட்டுவீழ்த்துகிறான். புகழைச் சொல்லவே வேண்டாம். கொடை: தன் நிலத்தைப் பறித்த டிக்சி லீக்காகவே நீதிமன்றத்தில் வாதாடுகிறான்.

ஃபெர்பர் இவனைப் படைத்தது வேறு கண்ணோடு. வாய்ச்சொல் வீரன், இருப்புக்கொள்ளாதவன், 1893இல் இன்னொரு நில ஓட்டத்தின் செய்தி வந்ததும் மனைவி மக்களை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் மறைந்துவிடுபவன். இதழையும் வீட்டையும் சுமப்பவள் சாப்ரா. அவளும் எள்ளலுக்குத் தப்புவதில்லை. கட்டுப்பெட்டித்தனமும் பழங்குடியினர்மீது வெறுப்பும் நிறைந்தவள். நாவலில் இந்த எள்ளல் நிகழ்ச்சிகளில் இல்லை. சொல்பவரின் குரலில், ஓர் அடைமொழியில், வாக்கியம் முடியும் விதத்தில் இருக்கிறது. திரைக்கதை அமைத்த ஹோவர்ட் எஸ்டாப்ரூக் நிகழ்ச்சிகளைப் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டார். குரலை எடுத்துக்கொள்ள இயலவில்லை. குரல் நீங்கியதும் எஞ்சியது, வெண்தொப்பியோடு அகன்ற தோளை நிமிர்த்தி நிற்கும் ரிச்சர்ட் டிக்ஸ். உடல் முன்னே வந்து நின்றுவிட்டால் கேலி நிற்க இடமில்லை. கவிதையை மொழிபெயர்ப்போர் அறிந்த இழப்புதான் இது. இங்கே சொல்லும் பொருளும் கிடைத்து, தொனி மட்டும் தவறியது.

சாப்ராவின் மாற்றம் இன்னும் விந்தையானது. ஓசேஜ் இனப்பெண் ரூபியை மகன் மணப்பதை முழுமூச்சாக எதிர்த்தவள், இறுதியில் நாடாளுமன்ற உறுப்பினராகி, விருந்து மண்டபத்தில் அதே மருமகளைப் பெருமையுடன் அறிமுகம் செய்கிறாள். 1907லிருந்து இருபதாண்டுக்கு மேல் ஒரே தாவலாகக் கதை தாவுவதால், அந்த மனம் எப்படி மாறியது என்பது திரைக்கு வெளியே நிகழ்ந்துவிடுகிறது. ஐரீன் டன்னின் கண்ணியமான நடிப்பு இந்தப் பள்ளத்தை ஓரளவு மூடுகிறது.

இந்தப் பெருமிதத்துக்கு விலை கொடுப்பவர் யார்? ஐசாயா என்னும் கறுப்பினச் சிறுவன் முதலில் வருவது உணவுமேசைக்கு மேலே அமர்ந்து விசிறுபவனாக. விழுகிறான், சிரிப்பு எழுகிறது. கம்பளச் சுருளுக்குள் ஒளிந்து யான்சியின் வண்டியோடு வந்துவிடும் அவன், தெருச்சண்டையில் குறுக்கே அகப்பட்டுக் குண்டடிபட்டு இறக்கிறான். கதை அவனைத் தாண்டி விரைந்து நடக்கிறது. ‘சிமர்ரான்’ என்னும் ஸ்பானியச் சொல் தப்பியோடிய அடிமைகளையும் குறித்த சொல். படம் அந்தச் சொல்லை யான்சிக்கும் அவன் மகனுக்கும் சூட்டியதேயன்றி, அதற்கு உரியவனை எண்ணிப் பார்க்கவில்லை.

பழங்குடியினர் செய்தியில் படம் இரு மனமாக நிற்கிறது. ஆளுநர் பதவிக்கு நிற்கும் யான்சி, ஓசேஜ் மக்களின் எண்ணெய்ப் பணத்தைச் சுரண்டும் திட்டத்துக்கு உடன்பட மறுத்து, அவர்களுக்குக் குடியுரிமை வேண்டுமெனத் தலையங்கம் எழுதுகிறான். சாப்ரா முதலில் எதிர்த்த அதே தலையங்கத்தைப் பின்னாளில் தானே மறுபதிப்புச் செய்கிறாள். இதைப் படமெடுத்தவர்களின் நேர்மை என்றே கொள்ளலாம். ஆனால் 1920களில் அதே ஓசேஜ் மக்கள், எண்ணெய் உரிமைக்காகத் தம் வீட்டிலேயே ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். படம் வந்தபோது அந்த வழக்குகள் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்கொலைகள் பெரும்படமாக, மார்ட்டின் ஸ்கார்செசியின் இயக்கத்தில் உலகெங்கும் பார்க்கப்பட்டது 2023இல். பிறர் நிரையைக் கவர்வது வெட்சி என்றால், மீட்போர்க்குக் கரந்தை என்று ஒரு திணை வகுத்தனர் நம் புறப்பொருள் இலக்கணத்தார். 1931இன் படத்தில் வெட்சிப்பூ மலர்ந்து கிடக்கிறது. கரந்தை சூட ஒருவரும் இல்லை.

படத்துக்கு ஏழு பரிந்துரைகளும் மூன்று ஆஸ்கர் விருதுகளும் வந்தன: சிறந்த படம், எஸ்டாப்ரூக்கின் தழுவல், மாக்ஸ் ரேயின் கலையமைப்பு. மேற்கத்திய வகைப் படம் ஒன்று அப்பெருவிருதை மறுமுறை பெற ‘டான்சஸ் வித் வுல்வ்ஸ்’ (1990) வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விருது வந்தாலும் வரவு வரவில்லை. 14 இலட்சம் டாலருக்கு மேல் விழுங்கிய படம், பொருளாதார முடக்கத்தின் நடுவே முதல் வெளியீட்டில் 5 இலட்சத்துக்கு மேல் இழப்பைத் தந்தது.

முதுமையில் எண்ணெய்க்கிணற்றுத் தொழிலாளியாக, பிறரைக் காக்க வெடிமருந்தைத் தன் உடலால் தாங்கி, சாப்ராவின் மடியில் யான்சி இறக்கிறான். பின் அவனுக்குச் சிலை திறக்கிறார்கள். நாவலின் இறுதியிலும் அந்தச் சிலை உண்டு: யான்சி நிமிர்ந்து முன்னே நடக்கிறான்; பின்னால், அவன் தோளைத் தொட்டு ஆதரவு தேடியபடி, போர்வை போர்த்த பழங்குடி மனிதன் களைத்துத் தடுமாறி வருகிறான். ஃபெர்பரின் எள்ளல் முழுதும் அந்தக் கல்லில் அடங்கியிருக்கிறது. திரையில் அதே சிலை திறக்கும்போது கூட்டம் ஆரவாரிக்கிறது.