மட்டாஞ்சேரியில் ஓர் உலா

கொச்சிக்குச் செல்லும் தமிழர் பலரும் குருவாயூர் தரிசனத்தை முடித்துக்கொண்டு, மீதமுள்ள ஒரு பகற்பொழுதை மட்டாஞ்சேரிக்கு ஒதுக்குவது வழக்கம். நாமும் அவ்வாறே சென்றோம். உடன் வந்தவர் நால்வர். முன்னே சென்றவர் ஒரு வழிகாட்டி. ஆண்டுகளை எல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் நல்ல மனிதர்.

முதலிற் கண்டது ‘டச்சு அரண்மனை’. பெயரே சற்றுப் பொருந்தாதது. 1555-ஆம் ஆண்டளவில் இதனைக் கட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்கு அளித்தவர்கள் போர்த்துக்கீசியர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இதனைப் பழுது பார்த்தனர். பழுது பார்த்தவர் பெயரே நிலைத்துவிட்டது! உள்ளே நுழைந்தால் ஐரோப்பா மறைந்துவிடுகிறது. நாலுகெட்டு அமைப்பு; நடுவே பழையன்னூர் பகவதி கோயில்; பள்ளியறைச் சுவர்களில் தசரதன் வேள்வி தொடங்கி இராமன் அயோத்தி திரும்பும் வரையில் இராமாயணம். காவியும் பச்சையும் மஞ்சளுமாய் இடைவெளியின்றி நெருங்கி நிற்கும் அவ்வுருவங்களைத் தீட்டிய கைகளைப் பற்றி வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மன்னர் வரிசையைச் சொல்லி முடித்தார்.

அரண்மனையை அடுத்துள்ளது பரதேசி யூதர்களின் ஜெபாலயம். மன்னர் தந்த நிலத்தில் 1568-இல் எழுந்தது. டச்சுக்காரருக்குத் துணை போனார்கள் என்று 1662-இல் போர்த்துக்கீசியர் எரித்தனர். இரண்டே ஆண்டில் மீண்டும் எழுந்தது. தரையில் பதித்த நீலமும் வெண்மையுமான ஓடுகள் சீனத்திலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை. கையால் எழுதியவையாதலால் ஒன்றைப்போல் ஒன்று இராது என்பர். காலணியைக் கழற்றிவிட்டு அவற்றின்மீது நிற்கையில் உள்ளங்கால் குளிர்ந்தது. இஸ்ரேல் நாடு பிறந்த 1948-க்குப் பிறகு இவர்களுள் பெரும்பாலோர் கடல் கடந்து சென்றனர். வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆடவர் இத்தெருவில் இன்று இல்லை. தெருவின் பெயர் மட்டும் யூதத் தெருவாகவே இருக்கிறது.

இந்த நீல ஓடுகளைக் கண்டபோது நம் நினைவு வேறொரு கண்டத்திற்குச் சென்றது. மெக்ஸிகோ நாட்டு மேட்டு நிலத்தில், கடல்மட்டத்திற்கு 2,100 மீட்டருக்கும் மேலே, 1531-இல் ஸ்பானியர் நிறுவிய புவெப்லா என்னும் நகரம் உண்டு. அங்கும் கோயில்களிலும் மாளிகைகளிலும் ஓட்டு வேலைப்பாடுதான் புகழ் பெற்றது. மணிலாவிலிருந்து கப்பலேறி வந்த சீனப் பீங்கானைப் பார்த்து, அவ்வூர்க் குயவர் நீலமும் வெள்ளையும் தீட்டக் கற்றனர். கொச்சிக்குச் சீனத்தின் சரக்கே வந்தது. புவெப்லாவில் அதன் சாயல் விளைந்தது.

சாயல் மட்டுமன்று, ஓர் ஆளும் அவ்விரு ஊர்களையும் இணைக்கிறார். கத்தரீனா தெ சான் ஹுவான் என்ற பெண்மணி 1688-இல் புவெப்லாவில் இறந்தார். அவர் வரலாற்றை எழுதிய பாதிரிமார் கூறுவது இது: மொகலாய நாட்டில் பிறந்த சிறுமியைப் போர்த்துக்கீசியக் கடற்கொள்ளையர் பிடித்துச் சென்றனர், கொச்சியில் ஞானஸ்நானம் பெற்றாள், பின் மணிலாவில் அடிமையாக விற்கப்பட்டாள், பசிபிக் கடல் தாண்டி மெக்ஸிகோவின் அகாபுல்கோ துறையில் இறங்கிப் புவெப்லா சேர்ந்தாள். அவ்வரலாற்றில் பக்தி மிகுந்து உண்மை எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். எனினும் அந்நகரத்தார் அவரைப் புனிதவதியாகப் போற்றினர். சேசு சபையாரின் ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர். இக்கதையைக் கொச்சியில் நமக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், மிளகு ஏறிய இத்துறையில் மனிதரும் ஏற்றப்பட்டனர் என்பதை அங்கேயே நின்று எண்ணியிருப்போம்.

பிற்பகலில் கோட்டைக் கொச்சி. வாஸ்கோ ட காமா 1524-இல் இவ்வூரில் இறந்து, புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அடக்கமானார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் எலும்புகள் போர்த்துக்கல் சென்றன. வெறும் கல்லைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கிறது. கூட்டமும் அங்கேதான் நிற்கிறது. நாம் அண்ணாந்து பார்த்தோம். உத்தரத்திலிருந்து தொங்கும் துணி விசிறிகளின் கயிறுகள் சுவரைத் துளைத்து வெளியே போகின்றன. உள்ளே அமர்ந்தவர்க்குக் காற்று வர, வெளியே வெயிலில் நின்று ஒருவர் அக்கயிற்றை இழுத்தார். அவருக்குக் கல் இல்லை.

வழிகாட்டி அத்துடன் விடைபெற எண்ணினார். வேளிப் பக்கத்து வண்ணார் துறைக்கும் போகவேண்டும் என்று நாம்தான் வற்புறுத்தினோம். “அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்றார். இருப்பவர் தமிழர். டச்சுக்காரர் தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து தம் முன்னோரைக் கொண்டுவந்தனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. டச்சுக்காரருக்குப் பின் 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். துணி மட்டும் மாறியது, துவைப்பவர் மாறவில்லை. குளக்கரைகளில் வெளுத்தவர்களுக்கு 1976-இல் இப்போதுள்ள சலவைக்கூடம் அமைந்தது. வரிசையாகத் துவைகல் தடுப்புகள். அரிசிக் கஞ்சி மணம். இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடையே நுனியைச் செருகிக் காயவிட்ட வெள்ளை வேட்டிகள். கவ்வி ஒன்று கூட இல்லை. காற்றடித்தும் ஒரு துணி விழவில்லை. அரண்மனையில் செலவிட்டதைவிட இங்கே அதிக நேரம் நின்றோம்.

வயது முதிர்ந்த ஒருவர் மலையாளம் கலந்த தமிழில் பேசினார். “ஐயாவுக்குச் சொந்த ஊர் எது?” என்று கேட்டோம். “இதுதாங்க,” என்று ஈரத்துணியை ஓங்கிக் கல்லில் அடித்தார். பிறகு நிமிர்ந்து, “உங்களுக்கு?” என்றார்.

முப்பது ஆண்டுகளாக டில்லியில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். ஆயினும் நம் வாய் முந்திக்கொண்டு கும்பகோணம் என்றது. அவர் சிரித்துவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.