தாழ்வாரத்தில் ஒரு பாலை மரம்

கேலாங் பாரு, கேலாங் ஈஸ்ட், அல்ஜூனிட் வட்டார வீவக அடுக்குமாடிகளில் துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு நடுவே அடி பருத்த ஒரு குட்டைச் செடி இளஞ்சிவப்புப் பூக்களோடு நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதுதான் அடினியம் எனும் பாலைவன ரோஜா. சீனர்கள் இதைச் செல்வ மலர் என்று சொல்லிப் புத்தாண்டுக்கு வாங்கி வைப்பார்கள்.

பெயரில்தான் ரோஜா. குடும்பமோ அரளிக் குடும்பம். 1775ல் வெளியான நூலில் இதை விவரித்த ஃபோர்ஸ்கால் என்ற அறிஞர் அரளி இனத்திலேயே சேர்த்திருந்தார். சஹாராவுக்குத் தெற்கிலுள்ள வறண்ட நிலங்களிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஏமனிலும் இது சிறு மரமாகவே வளர்கிறது. பருத்த அடித்தண்டுதான் அதன் தண்ணீர்க் குடம்.

ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் பாலைச் செடிக்கு என்ன வேலை? புளோக்கின் கீழே மண்ணில் நட்டால் நவம்பர், டிசம்பர் மழையில் வேர் அழுகிவிடும். மேலே தாழ்வாரம் வேறு உலகம். தலைக்கு மேல் கூரை, சுடும் சிமெண்ட் தரை, ஓயாத காற்று, அரை நாள் வெயில். மழை நகரத்தின் வறண்ட தோட்டம் அதுதான். கிழக்கு அல்லது மேற்கு பார்த்த தாழ்வாரமாக இருக்க வேண்டும். வெயில் எட்டாத இடத்தில் இலை வரும், பூ வராது.

இந்தச் செடி பெரும்பாலும் அன்பினால்தான் சாகிறது. ஓய்வுபெற்ற தாத்தா காலையில் ஒரு குவளை ஊற்றுவார். தெரியாமல் பாட்டி மாலையில் இன்னொரு குவளை ஊற்றுவார். இரண்டே மாதத்தில் அடித்தண்டு கொழகொழத்துவிடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் செடி காத்திருக்கும்.

மண் கலவையில் பாதிக்கு மேல் பருமணலோ உடைத்த செங்கல்லோ இருக்கட்டும். தொட்டியின் அடியில் துளை வேண்டும், தட்டு வேண்டாம். இந்தத் தட்டு விஷயம் சின்ன விஷயமல்ல. 2016 ஆகஸ்டில் சிங்கப்பூரில் உள்ளூரிலேயே பரவிய ஸிக்கா முதன்முதலில் தெரியவந்தது அல்ஜூனிட் கிரெசென்ட், சிம்ஸ் டிரைவ் பகுதியில்தான். டெங்கியைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் அதையும் பரப்புகிறது. தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள், இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடுங்கள் என்று தேசிய சுற்றுப்புற வாரியம் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். மணல் கலந்த மண் இறுகாது. தட்டில்லாத தொட்டியில் நீரும் தேங்காது.

அடித்தண்டு அமுங்கினாலே பயப்பட வேண்டாம். தாகத்தால் வாடியது தண்ணீர் கண்டதும் மறுபடி விறைக்கும். ஈரத்தோடு கொழகொழத்தால் அது அழுகல். செடியைப் பிடுங்கி, கெட்ட பகுதியை வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் ஒரு வாரம் உலரவிட்டு, காய்ந்த மணற்கலவையில் நடுங்கள். சில பிழைக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இதன் பால் நஞ்சு, இதயத்தைத் தாக்கும். ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளில் தடவியிருக்கிறார்கள். கிளை வெட்டினால் கையுறை போடுங்கள், பிறகு கை கழுவுங்கள். தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீட்டுக்கு இது ஏற்றதல்ல. எட்டாத உயரம் என்று கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போகும். தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் வெளியேற, தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழிவிடுவதும் கட்டாயம்.

கிளை நுனியைக் கத்தரித்தால் புதுத் துளிர் வரும், பூ அதில்தான். ஆட்டுக் கொம்பு மாதிரி இரட்டைக் காய் விட்டால் நூலால் சுற்றிக் கட்டுங்கள். வெடித்தால் விதையெல்லாம் பஞ்சோடு பறந்து அடுத்த புளோக்குக்குப் போய்விடும்.