சிறுநீரகக் குழாய்ச் சுருக்கமும் இரத்தக் கொதிப்பும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரத்தக் கொதிப்புக்குக் காரணம் இன்னதெனப் பெரும்பாலாரிடத்துப் புலப்படுவதில்லை. சிலரிடத்தோ, சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் சுருங்குதலே காரணமாகின்றது. அதற்குரிய சிகிச்சையைக் குறித்தே இன்று யாம் பேச முற்பட்டோம்.

குழாய் சுருங்கின், சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறையும். கடைமடைக்கு நீர் வாராமை கண்டு ஏரியே வற்றியதென எண்ணுவார் போல, உடல் முழுவதும் அழுத்தம் தாழ்ந்ததெனக் கொண்டு, அது ரெனின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கின்றது. அதனால் மற்றைக் குழாய்கள் இறுகி, உப்பும் நீரும் உடம்பில் தங்கி, கொதிப்பு ஏறுகின்றது. நாய்களின் சிறுநீரகக் குழாயை இடுக்கியால் நெருக்கினால் கொதிப்பு உண்டாதலை, ஹாரி கோல்ட்பிளாட் என்னும் அமெரிக்க அறிஞர் 1934-இல் வெளியிட்டார்.

‘அடைத்த குழாயைத் திறத்தல்தானே முறை?’ எனச் சிலர் வினவலாம். அடைப்பின் காரணம் நோக்கியே அதற்கு விடை கூறல் வேண்டும். குழாய்ச் சுவரின் இழைகள் பிறழ்ந்து வளர்தலால் வரும் சுருக்கம் பெரும்பாலும் மகளிர்க்கு உண்டாவது. இதனைப் பலூன் கொண்டு விரித்தல் நற்பயன் தரும். நம் நாட்டு இளையோர்க்குக் குழாய் அழற்சியாலும் சுருக்கம் நேர்வதுண்டு. அழற்சியை முன்னர்த் தணித்தல் வேண்டும். முதியோர்க்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிதலே காரணம். அன்னோர்க்கு ஸ்டென்ட் என்னும் வலைக்குழல் பொருத்துதலை, 800-க்கு மேற்பட்டோரிடத்து ஆராய்ந்து 2009-லும், 900-க்கு மேற்பட்டோரிடத்து ஆராய்ந்து 2014-லும் முடிவுகள் வெளிவந்தன. மருந்து மட்டும் உண்டாரினும் குழலும் பொருத்திக்கொண்டார், சிறுநீரகக் காப்பிலோ ஆயுளிலோ மேம்பட்டாரல்லர்.

ஆதலின் முதற்கண் மருந்தே. எனலாப்ரில், லொசார்ட்டன் முதலியன ரெனினால் விளையும் கேட்டைத் தடுப்பன. ஆயினும் இருபுறக் குழாய்களும் சுருங்கினார்க்கு இவை சிறுநீரகத்தைத் தளர்வித்தல் கூடுமாதலின், தொடங்கிய ஓரிரு வாரத்துள் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. கருவுற்றார் இவற்றை உட்கொள்ளலாகாது. கொழுப்பைக் குறைக்கும் மருந்தும், புகையிலையை ஒழித்தலும் உடன் வேண்டும்.

பல மருந்துகட்கும் அடங்காத கொதிப்பு, திடீரெனப் பன்முறை நுரையீரலில் நீர் கோத்தல், சிறுநீரகம் விரைந்து கெடுதல் ஆகியவை நேர்ந்தால் குழாயைத் திறத்தல் ஆராயத்தக்கது. பலூனுக்கு இயலாதவிடத்து மாற்றுவழி அமைக்கும் அறுவையும் உண்டு.

அன்பர்களே! ‘அடைப்பு’ என்னும் ஒரு சொற் கேட்டு நகையையும் நிலத்தையும் ஈடு வையாதீர். ‘அடைப்பின் காரணம் யாது? மருந்து போதாதோ? திறத்தலால் எமக்கு வரும் பயன் யாது?’ என வைத்தியரைக் கேளுங்கள். குழாய் திறந்த பின்னும் அவர் கூறாது மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதுவே எம் வேண்டுகோள்.