மூச்சு என்னும் ஈவு

(கோபாலபுரத்தில் கூடிய ஆதரவாளர்களுக்கு அளித்த செய்தி)



காணிக்கைக் கணக்கைச் சொல்லுமுன், மூச்சைப் பற்றிச் சற்று நேரம் பேச விரும்புகிறோம்.

இந்தக் கோபாலபுரத்துத் தெருக்களில் பல ஆண்டுகள் ஆட்டோ ஓட்டிய ஒருவர் எங்களிடம் வந்தார். வாசலில் உள்ள ஆறு படிகளை ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டோம். "அது சிகரெட் இருமல்தாங்க டாக்டர், வருஷக்கணக்கா இருக்கு" என்றார். உடன் வந்த மனைவியோ, "ரெண்டு மாசமா சாயங்காலமானா காய்ச்சல். ஆளும் இளைச்சுட்டார்" என்றார். சளியைப் பரிசோதித்தோம். காசநோய்க் கிருமிகள் இருந்தன. பழைய இருமலுக்குப் பின்னால் புதிய நோய் ஒளிந்திருந்தது.

நம் மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உண்டு. தூசியையும் கிருமிகளையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிவிடுகிறது. குழாய்கள் வீங்கிக் குறுகுகின்றன. கோடிக்கணக்கான காற்றுப்பைகளின் மெல்லிய சுவர்கள் சிதைகின்றன. உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராமல் தேங்குவதால், அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் போகிறது. நல்ல உடல்நலம் உள்ளவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்ட்ரா வழியாக மட்டும் சில விநாடிகள் மூச்சு விட்டுப் பாருங்கள். அந்தச் சகோதரர் நாள் முழுவதும் படுகிற பாடு ஓரளவு புரியும்.

புகை என்றாலே நாம் புற்றுநோயைத்தான் நினைக்கிறோம். ஆனால் நம் சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் டாக்டர் கஜலட்சுமியும் அவரோடு உழைத்தவர்களும் நடத்திய ஆய்வு 2003-ல் வெளிவந்தது. இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் விவரங்களை அவர்கள் வீடு வீடாகச் சென்று சேகரித்தார்கள். புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் அபாயம், புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். நகரத்துச் சிகரெட்டானாலும் கிராமத்துப் பீடியானாலும் விளைவு ஒன்றுதான்.

நம் சகோதரர் ஆறு மாதம் தவறாமல் மருந்து சாப்பிட்டார், புகையையும் விட்டார். காசநோய் குணமாயிற்று. சிதைந்த காற்றுப்பைகளோ திரும்பி வரவில்லை. இப்போது ஆறு படிகளுக்கு ஒரு முறைதான் நிற்கிறார். இன்னும் சில ஆண்டுகள் முன்னதாக விட்டிருந்தால் நிற்கவே வேண்டியிராது. ஆயினும் எந்த வயதில் விட்டாலும் நுரையீரல் கெடுகிற வேகம் குறைகிறது.

காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால் வேலைக்குப் போக முடியாத மாதங்களில் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! நீங்கள் அனுப்பும் காணிக்கை அந்த அரிசியாகவும் பஸ் கட்டணமாகவும் போய்ச் சேருகிறது.

பணத்தைவிட ஒன்றையும் கேட்கிறோம். உங்கள் வீட்டிலோ, சபையிலோ, தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டிலோ புகைக்கிற ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், "சிகரெட் இருமல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். கடிந்துகொள்ளவும் வேண்டாம், இது எளிதில் விடாத அடிமைத்தனம். கையைப் பிடித்துச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரோடு கூட வரிசையில் உட்காருங்கள். அதுவும் ஒரு காணிக்கையே.