எத்தனை மனைவி என்று கேட்டேன்

(நமது கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொறியாளனை மேடையேற்றினால் வேலைவாய்ப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். அதை எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு துப்பறியும் கதையை நம்பி நான் அசடு வழிந்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் வேலை நிமித்தமாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் இருந்தேன். மோர்மன் கிறிஸ்தவர்களின் தலைநகரம் அது. (போனில் இதைச் சொன்னதும் "மோர் விக்கிறவங்களாடா?" என்று கேட்ட ஹாஸ்டல் நண்பர் இதோ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.) போன முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரம். எதிரே இருந்த சக பொறியாளர் மோர்மன் என்று தெரிந்ததும், தமாஷ் பண்ணுவதாக நினைத்துக்கொண்டு, "உங்களுக்கு எத்தனை மனைவி?" என்று கேட்டுவிட்டேன். மேஜையே அமைதியாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். ஒரு மனைவி, நாலு பிள்ளைகள். "ஷெர்லாக் ஹோம்ஸ் படிச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

படித்திருந்தேன். இதே கல்லூரி ஹாஸ்டலில், கரண்ட் போன ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில். ஹோம்ஸ் அறிமுகமாகும் முதல் நாவல், 1887இல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'. முதல் பாதி லண்டன். கொலைகாரனைப் பிடித்ததும் கதை திடீரென்று யூட்டா பாலைவனத்துக்குத் தாவும். தாகத்தில் சாகக் கிடக்கும் ஜான் ஃபெரியரையும் ஒரு சிறுமியையும் மோர்மன் கூட்டம் காப்பாற்றுகிறது, தங்கள் மதத்தில் சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பெண் வளர்ந்ததும், பெரியவர்கள் கைகாட்டும் இருவரில் ஒருவனைக் கட்டிக்கொள்ள முப்பது நாள் கெடு. தினமும் காலையில் வீட்டில் எங்காவது ஓர் எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு நாளும் ஒன்று குறையும். வாசலில் காவல் இருந்தும் எழுதியது யாரென்று தெரியாது. அந்த எண்கள் இன்றைக்கும் என் நினைவில் இருக்கின்றன. சாப்பாட்டு மேஜையில் என் வாயிலிருந்து வந்தது அந்தப் பயம்தான்.

எழுதிய கானன் டாயில் அப்போது இங்கிலாந்தில் ஓர் இளம் டாக்டர். அமெரிக்காவில் காலே வைத்தது கிடையாது. அவர் காலத்துப் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் உலவிய கதைகளைப் படித்து எழுதினார். அந்தக் கதைகளுக்கு இங்கிலாந்தில் தனி மவுசு. காரணம் உண்டு. 1840களிலிருந்து மோர்மன் ஊழியர்கள் அங்கே ஆயிரக்கணக்கானவர்களை மதம் மாற்றிக் கப்பலேற்றி யூட்டாவுக்கு அனுப்பினார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அடிவயிற்றில் கலக்கம். அந்தக் கலக்கத்தைக் காசாக்க 1922இல் 'டிராப்ட் பை தி மோர்மன்ஸ்' என்று ஓர் ஊமைப்படமே எடுத்தார்கள். அதில் மோர்மன் ஊழியர் பார்வையாலேயே பெண்களை வசியம் செய்வார்!

சரி, எல்லாமே கட்டுக்கதையா? இல்லை. பலதார மணத்தை அவர்கள் 1852இல் பகிரங்கமாகவே அறிவித்தார்கள். 1890இல்தான் அதைக் கைவிடுவதாக அறிக்கை விட்டார்கள். ஒப்புக்கொள்ளாமல் பிரிந்து போன சிறு குழுக்களில் அது இன்றும் உண்டு. 1857 செப்டம்பரில் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில், வழிப்போக்கர்கள் சுமார் 120 பேரை மோர்மன் படையினர் கொன்றார்கள். சின்னக் குழந்தைகளை மட்டும் விட்டுவைத்தார்கள். அது மறைக்கக் கூடிய விஷயம் இல்லை.

ஆனால் நாவலில் வரும் 'டேனைட்' ரகசியப் படை 1838இல் மிசூரி மாநிலத்தில் தோன்றியது. யூட்டாவிலும் அது நாவலில் வருகிற மாதிரி இயங்கியது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதே 1838இல் மிசூரி கவர்னர், மோர்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று எழுத்து மூலம் ஆணை போட்டார். 1976 வரை யாரும் அதை ரத்து செய்யவில்லை. 1844இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள் புகுந்து சுட்டுக் கொன்றது ஒரு கும்பல். இதையெல்லாம் அந்த ஹாஸ்டல் ராத்திரியில் எனக்கு யார் சொன்னார்கள்?

ஜூல்ஸ் வெர்ன் கொஞ்சம் தேவலாம். 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' நாவலில், ரயிலில் ஒரு மோர்மன் பிரசங்கம் செய்வார். கேட்டவர்கள் ஒவ்வொருவராக நழுவி, கடைசியில் வேலைக்காரன் பாஸ்பார்த்து மட்டும் மிச்சம். பிறகு ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து ரயிலேறுவார். எத்தனை மனைவி என்று பாஸ்பார்த்து கேட்க, ஒன்றுதான், அதுவே தாங்கவில்லை என்பார். அதாவது, நான் கேட்ட கேள்வி நூற்றைம்பது வருடப் பழசு!

டாயில் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 1923இல் அவர் சால்ட் லேக் சிட்டிக்கே சொற்பொழிவாற்றப் போனார். அவர்களுடைய பெரிய பிரார்த்தனை மண்டபத்தையே திறந்துவிட்டு, மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள். நாவலுக்கு வருத்தம் தெரிவிக்கக் கூடாதா என்று அங்கிருந்த ஒரு டாக்டர் கேட்டபோது, நடந்ததைத்தான் எழுதினேன், கதை என்பதால் வரலாற்றைவிடச் சற்றுக் காரம் கூடியிருக்கலாம் என்கிற அளவில் பதில் சொன்னார். மன்னிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் உபசரித்து அனுப்பினார்கள்.

2011இல் பிராட்வேயில் 'தி புக் ஆஃப் மோர்மன்' என்ற கேலி நாடகம் வந்து சக்கைப்போடு போட்டபோதும் அப்படித்தான். வழக்குப் போடவில்லை. அந்த நாடகத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்திலேயே விளம்பரம் கொடுத்து, எங்கள் மூலநூலையும் படித்துப் பாருங்கள் என்றார்கள். நம் ஊரில் இதை எதிர்பார்க்க முடியுமா, சொல்லுங்கள்!

என் சக பொறியாளரும் அந்த ரகம்தான். ஒரு மாதம் கழித்து, நன்றாகப் பழகிய பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உங்க ஊர் விருந்துல குரங்கு மூளை பரிமாறுவாங்களா?" 1984இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். நான் சுத்த சைவம். அடுத்த சனிக்கிழமையே குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்தேன். நாலு பிள்ளைகளும் இட்லியை ஒரு கை பார்த்தார்கள். பில்டர் காபியைத்தான் யாரும் தொடவில்லை. காபி, டீ இரண்டும் அவர்கள் மதத்தில் விலக்கு. அது எனக்கு இன்றைக்கும் மனத்தாங்கல்தான்.

இன்று காலை நம் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். அந்தப் புத்தகம் அதே அலமாரியில் இருக்கிறது. யூட்டா பகுதி தொடங்கும் பக்கத்தில் யாரோ பென்சிலால், 'இதை விட்டுவிட்டு நேராகக் கொலைக்குப் போகலாம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கையெழுத்து என்னுடையதல்ல. முன்வரிசை நண்பருடையது மாதிரி இருக்கிறது.